நக்கலர் கொடுத்த நற்சான்று

மெல்பேர்னில் வாழ்ந்த தமிழர்களிலேயே அதிகம் அடி வாங்கியிருக்க வேண்டியவரும், ஒரு அடிகூட வாங்காமல் தப்பியவரும் நக்கலர் ஒருவர்தான். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னின் பிரன்சுவிக் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான் எஞ்சினியர், இன்னொருவர் டொக்டர், மூன்றாமவர் இந்த மனிசன். பல்கலைக்கழகத்தில் அறுநூறு வருஷத்துப் பழைய ஆங்கிலக் கதைப்பாட்டுகளில் ஆராய்ச்சி. யாழ்ப்பாணத்தானுக்கு இது எதற்கு என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் இரண்டு மணித்தியாலம் போய்விடும். அந்தக் காலத்துப் புலவர்கள் பாதிரியையோ வியாபாரியையோ ஒரு வார்த்தை ஏசமாட்டார்களாம். என்ன உடுத்தான், என்ன தின்றான் என்று பயபக்தியோடு வர்ணிப்பார்களாம்.

"ஒருத்தனை ஏசினால் அவனுக்கு அனுதாபம் வரும், ஐசே. புகழவேணும். புகழப் புகழ அவன் தானாவே நாறுவான்" என்பார்.

ஆராய்ச்சியைப் புத்தகத்தோடு நிறுத்தினாரா? எங்களைப் பற்றி எழுதி, நாங்கள் சமைக்கிற குசினிக் கதவில் ஒட்டினார். "நமது டொக்டருக்கு ஏழைகளிடம் இரக்கம் அதிகம். பார்க்கத் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டே கடந்து போவார்." டொக்டர் அதைப் பாராட்டு என்று நினைத்து, கழற்றித் தாய்க்கு அனுப்பிவைத்தார். என்னைப் பற்றி: "சமையலில் இவர் சமத்துவவாதி. பருப்பும் சட்டியும் ஒரே நிறமாகும்வரை அடுப்பை அணைக்கமாட்டார்." நான் கிழித்தெறிந்தேன். மறுநாள் அதே தாள் அதே கதவில். எதை எழுதினாலும் கார்பன் பிரதி வைத்திருப்பார், பிற்கால ஆய்வாளர்களுக்கு உதவுமாம்!

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண்ணின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. நம்மவர் வழக்கப்படி பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார். யாரிடம்? தூரத்துச் சொந்தம் என்று நக்கலரிடம்!

"அண்ணை, காலில விழுறன். நாலு வரி சாதாரணமா எழுதுங்கோ."

"ஓம் ஓம். பயப்பிடாதையும்."

தபாலில் போட்ட பிறகுதான் அவர் மேசையில் கார்பன் பிரதியைக் கண்டேன். இங்கிலீஷில், தட்டச்சில், அப்பழுக்கில்லாமல் இருந்தது. "தனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இவரே சொல்லியிருக்கிறார். தாயிடம் மிகுந்த பாசம். கடிதம் கண்டால் அம்மா அழுவார் என்று கடிதமே எழுதுவதில்லை."

பிரதியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். என் வாழ்க்கை இவருக்கு ஆராய்ச்சியா?

"நீங்கள் ஒரு மனிசனோ? என்ர கலியாணத்தைக் குழப்பிப்போட்டீங்களே!"

"நான் பொய் ஏதும் எழுதினனானோ? சொல்லும் பாப்பம்."

அதுதான் இன்னும் சுட்டது. அம்மாவுக்கு நான் எழுதி ஏழு மாதம். அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன், அவரோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தோம். இரண்டு மாதத்தில் அவருக்கு நைஜீரியாவில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. புறப்படும் அன்று, "போட்டு வாறன், ஐசே" என்றார். நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தனியாகவே டாக்ஸியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை பெண்வீட்டார் சம்மதம் வந்தது. தகப்பனுக்கும் நக்கல் விளங்கவில்லை, தப்பினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி மனைவி மெல்பேர்ன் வந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே நக்கலர் எழுதிய அந்த நீலநிற வான்கடிதம் இருந்தது. நான் பல்லைக் கடித்தேன்.

"ஐயாவுக்கு எல்லாம் புகழ்ச்சியாத்தான் பட்டது. எனக்கு விளங்கினது" என்றாள்.

"விளங்கியுமா ஓம் எண்டனீர்?"

கடிதத்தின் மடிப்பை விரித்துக் காட்டினாள். அங்கே பேனையால், கையெழுத்தில் ஒரு வரி. கார்பன் பிரதியில் இல்லாத வரி. "எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தால் இந்த மாப்பிள்ளையை உங்களுக்கு விட்டுத்தந்து கடிதம் எழுதியே இருக்கமாட்டேன்."

பாழாய்ப்போன மனிசன்! ஊரெல்லாம் நக்கலடிக்க வாய் இருந்ததே, இதை மட்டும் என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், விமான நிலையம்வரை அந்தப் புத்தகப் பெட்டிகளை நானே சுமந்திருப்பேனே.