கொஞ்சம் பொறுங்க, இனிப்பு வரும்

தேநீர் கொடுக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத எதுவுமில்லை, நன்றாக இருக்கட்டும். கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. இவர்கள் தங்களை ரசனைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். நான் வைத்திருக்கும் பெயர் 'பொறுங்க ஆசாமி'.

எனக்கு வாய்த்த பொறுங்க ஆசாமி என் அக்காவின் கணவர். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பால் திரிந்துபோனவர்கள், ஐஸ்கிரீம் உருகி வழிந்தவர்கள், மீனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடியவர்கள் எல்லாரும் போனில் கத்துவார்கள். அத்தான் குரலை உயர்த்தாமல், "கொஞ்சம் பொறுங்க, ஆள் வரும்" என்பார். ஆள் வந்ததா? அதைப் பற்றி அந்தப் பிரிவில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

வீட்டிலும் அதே வாக்கியம்தான். ஆளுக்குப் பதில் இனிப்பு.

எங்கோ சீனாவில் ஒரு மலைக்காட்டில், யாரும் நடாமல் தானாக முளைத்து, யாரும் கவனிக்காமல் தானாக வளர்ந்த மரத்தின் இலையாம் அது. கறுப்புத் தேநீர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களோ, போச்சு. "அங்க இதுக்குச் சிவப்புன்னு பேரு" என்பார், பாதி ஆயுளை அங்கேயே கழித்தவர் மாதிரி. அவர் பார்த்த சீனாவெல்லாம் அந்த இலை வந்த டப்பாவின் மூடிதான்.

சரி, குடிக்கலாம் என்கிறீர்களா? அவ்வளவு சீக்கிரமா? முதலில் டப்பாவைத் திறந்து உங்கள் மூக்கருகே நீட்டுவார். நீங்கள் முகர வேண்டும், முகர்ந்து கண்ணை மூட வேண்டும். பிறகு கெண்டியில் எழும் குமிழிகளைக் குனிந்து பார்த்து, இது இன்னும் பொடிக் குமிழி, இது கொஞ்சம் பெரிசு, இதோ இப்ப அணைக்கணும் என்று அடுப்புக்கே கட்டளையிடுவார். உள்ளங்கையில் அடங்கும் மண் குடுவைக்கு வெளியேயும் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார். இலையில் ஊற்றிய முதல் தண்ணீரைக் குடிக்கத் தராமல் கொட்டிவிடுவார். இத்தனைக்கும் பிறகு, கண்ணுக்கு மருந்து விடுகிற அளவில் ஒரு கிண்ணத்தை உங்களிடம் நீட்டுவார்.

கசக்கும். காய்ச்சல் மாத்திரையைத் தண்ணீரில்லாமல் மென்றால் எப்படி இருக்கும்? அப்படி. நாக்கு தன் இடத்தை விட்டு உள்ளே ஒதுங்கப் பார்க்கும். நீங்கள் வாய் திறப்பதற்குள் அத்தான் கையைக் காட்டித் தடுத்துவிடுவார். "உடனே சொல்லாதீங்க. விழுங்கிட்டுக் கொஞ்சம் பொறுங்க. தொண்டையில ஒரு இனிப்பு வரும்."

பொறுப்பீர்கள். வராது. வரவில்லை என்று சொன்னால் குற்றம் இலையின் மேல் விழாது, உங்கள் மேல்தான் விழும். "சின்ன வயசுலேர்ந்து சர்க்கரை போட்டே குடிச்சிருப்பீங்க. நாக்கு கெட்டுப்போச்சு, பாவம்" என்பார். கெட்டுப்போன நாக்கோடு வீட்டுக்குப் போக யாருக்குத்தான் மனசு வரும்? அதனால் எல்லாருக்கும் இனிப்பு வந்துவிடும். எனக்கும் வரும். கீழ்வீட்டுப் பல் டாக்டருக்கு ஒரு படி மேலே போய்ப் பழைய தோல் பெட்டியின் வாசனையும் வந்தது. அத்தான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அக்கா இந்த ஆட்டத்துக்கே வருவதில்லை. துணிக் கிளிப் வைக்கும் டப்பாவில் சர்க்கரையை ஒளித்துவைத்திருக்கிறாள். வாசனை அத்தானுக்கு எட்டாதபடி சமையலறையில் காற்றாடியைப் போட்டுவிட்டு, பால் ஊற்றித் தனக்கு ஒரு பெரிய டம்ளர் தேநீர் போட்டுக்கொள்வாள். "அவருக்கு வருதாம். வரட்டும். எனக்குத் துணி காயப்போடணும்" என்பாள்.

இவர்களுக்கு ஒரே பெண். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. சுவரில் எழுத்துப் பலகை, வரி இறங்க இறங்கச் சின்னதாகும் எழுத்துகள். அங்கே உட்காருகிறவர்கள் என்னமோ பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி, தெரியாத எழுத்தையெல்லாம் ஊகித்துச் சொல்வார்களாம். சொல்வதற்கு முன்னால் எல்லாரும் விடுகிற அந்தச் சின்ன இடைவெளியை வைத்தே, இது பார்த்ததா, ஊகித்ததா என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த நாற்காலியில் ஒருநாள் ஒரு இளைஞர் வந்து உட்கார்ந்தார். பாலம் கட்டும் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். "நாலாவது வரி எனக்குத் தெரியல. வேணும்னா ஊகிச்சுச் சொல்றேன். ஆனா அது பார்த்ததா ஆகாதில்ல" என்றாராம்.

"தெரியலைன்னு தானா சொன்ன ஒரே ஆளு அவருதான் மாமா" என்றாள் என்னிடம்.

"அதுக்காகவா கல்யாணம்?"

"இந்த வீட்ல வளர்ந்தவளுக்கு வேற என்ன வேணும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் பெண் கேட்க வந்தார். தேநீரைப் பற்றி முன்கூட்டி எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று என்னிடம் அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நானும் சொல்லவில்லை. டப்பா மூக்கருகே வந்தது, குமிழிகள் பெரிசாயின, குடுவை குளித்தது. முதல் கிண்ணம் எனக்கு. பழக்கதோஷம், "வருது அத்தான்" என்றேன். சமையலறை வாசலில் சாய்ந்து நின்ற அக்கா மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்தது அவர். குடித்தார். வலது கண் தானாக மூடிக்கொண்டது. உண்மையைச் சொன்னது அந்தக் கண் ஒன்றுதான்.

"என்ன தெரியுது?" என்றார் அத்தான்.

அவர் அத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். ஒரு சின்ன இடைவெளி. வாசலில் நின்றவளின் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"மொதல்ல கொஞ்சம் கசப்பு மாதிரி... அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் இனிப்பு வருதுங்க. தொண்டைக்குப் பின்னாடி. இடது பக்கமா."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் பக்கம் சொன்னவர் யாருமில்லை. தானும் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். "ஆமா. இடதுதான்" என்றார். மருமகன் முடிவாகிவிட்டார்.

அவள் வந்து அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "நாலாவது வரி தெரியலன்னு சொன்னது நீங்கதானே?" என்றாள், அத்தான் காதில் விழாத குரலில்.

"அது கடைங்க. இது உங்க அப்பா."

"தெரியுது. எனக்கு ஒரு அப்பா போதும்."

அவ்வளவுதான். அன்று அவள் சமையலறையில் அக்காவின் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வேதனையாக இருந்தது. அந்த நேர்மைக்காரனை அவள் நிஜமாகவே விரும்பியிருந்தாள். முன்னறையில் அவன் காணாமல்போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அத்தானுக்கு இன்றுவரை விஷயம் புரியவில்லை. "எவ்வளவு நல்ல நாக்கு அந்தப் பையனுக்கு. இவ ஏன் வேணாங்கறா?" என்று கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். "கொஞ்சம் பொறுங்க. மனசு மாறும்."

அந்த இளைஞரும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் வருகிறார். கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறார். மூன்றாவது தடவை ஊற்றும்போது இனிப்பு வலது பக்கத்துக்கு மாறுகிறது என்று போன வாரம் கண்டுபிடித்துச் சொன்னார். அவர் வரும் நேரத்துக்கு அவள் கடையில் யாருக்காவது எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருப்பாள். மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. அப்பாவுக்குச் சீடன் கிடைத்துவிட்டான்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் அலமாரியில் அந்த மாதிரி டப்பா இல்லை என்கிற தைரியம். இருக்கட்டும். நாளைக்கு யாராவது உங்களிடம் இந்தக் கட்டுரை எப்படி இருந்தது என்று கேட்பார்கள். கேட்கிறவர் எனக்கு வேண்டியவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு சின்ன இடைவெளி விடுவீர்கள். பிறகு, "ஆரம்பத்துல கொஞ்சம் கசப்புதான், ஆனா படிச்சு முடிச்சப்புறம் உள்ள ஏதோ ஒண்ணு வருதுங்க" என்பீர்கள்.

எந்தப் பக்கம் வந்தது என்று மட்டும் நான் கேட்கமாட்டேன்.