கைக்கு வராத கத்தி

அன்புள்ள சுந்தரம்மாள் அத்தைக்கு,

நாகல் நகரிலிருந்து ஜீவிதா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். ஒட்டன்சத்திரத்தில் உங்கள் சுகத்தையும் மாமாவின் இடது கணுக்காலின் சுகத்தையும் தனித்தனியாக அறிய விரும்புகிறேன்.

அன்று உங்கள் வீட்டு வாசலில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். கத்தி மாமாவின் கையிலிருந்து நழுவவில்லை. அது அவர் கைக்குப் போகவே இல்லை. இதைப் போனில் சொல்லலாம்தான். "சொல்லு கண்ணு" என்று நீங்கள் கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து ஞாயிறுதோறும் மாமா பஸ் ஏறி இங்கே வருவதும், நாங்கள் இருவரும் ஊருக்கு வெளியே உள்ள கரட்டுக் குன்றில் ஏறுவதும் உங்களுக்குத் தெரியும். "மலை ஏறுறவன் கையில ஒரு நல்ல கத்தி வேணும் தாயி. நீதான் எல்லாத்தையும் படிக்கிற புள்ள, பார்த்து ஒண்ணு வாங்கு" என்றார். மூன்று வாரம் படித்தேன். மடக்குக் கத்தி என்றாவது மடங்கும் இடத்தில் விட்டுப்போகும், ஆகவே மடங்காததுதான் வேண்டும். அலகின் இரும்பு, கைப்பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓட வேண்டும். அலகு நான்கு அங்குலம் போதும். ஆனால் துருப்பிடிக்காத எஃகைத் தீட்டுவது கடினம், தீட்ட எளிதான எஃகு துருப்பிடிக்கும் என்று படித்ததும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லா நல்ல குணமும் ஓரிடத்தில் சேராது என்பதை மனிதர்கள் விஷயத்தில் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டேன், கத்தி விஷயத்தில் முடியவில்லை. மாமா துடைத்து வைக்கிற ஆள் இல்லை என்பதால் கடைசியில் துருப்பிடிக்காததையே வாங்கினேன். வந்ததும் சோதிக்க உட்கார்ந்தேன். இந்த வீட்டில் அரிவாள்மனையைத் தவிர வேறெதிலும் நறுக்கிப் பழக்கமில்லை, அதனால் கைப்பிடியைக் காலால் மிதித்து, அலகை நிமிர்த்தி, முருங்கைக்காயை அதன்மேல் தள்ளினேன். அம்மா பார்த்துவிட்டு, "இதுக்காடி மூணு வாரம் படிச்ச?" என்றாள். பிறகு, "வெட்டுற சாமானை உங்க மாமன் கையில நேராக் குடுத்துராத. கீழ வையி, அவனா எடுத்துக்கிரட்டும். கையில குடுத்தா ஒறவு அறுந்துரும்" என்றாள். நான் சிரித்தேன். படித்தவள் அல்லவா.

அந்த ஞாயிறு, பாதி ஏற்றத்தில் மாமாவின் பை உடைமுள்ளில் சிக்கிக்கொண்டது. ஒரு கையால் பாறையைப் பிடித்தபடி மறு கையை நீட்டி, "கத்தியக் குடு தாயி" என்றார். அந்தக் கத்திக்கு வந்த ஒரே வேலை அதுதான். உறையிலிருந்து எடுத்தேன். என் கை, நான் படித்தது எதையும் கேட்காமல், அதைக் கொண்டுபோய்ச் சரிந்த பாறையின் மேல் வைத்தது. "கையிலதான குடுக்கச் சொன்..." என்று அவர் முடிப்பதற்குள் கத்தி கிளம்பிவிட்டது. உருளும் எலுமிச்சம்பழத்தை நிறுத்துகிறவர் போல மாமா காலை நீட்டினார். கத்தி பாறை இடுக்குக்குள் போயிற்று, கணுக்கால் வேறு பக்கம் போயிற்று. பையை நான் வெறும் கையால் எடுத்தேன். மெதுவாக இழுத்தால் வருகிற சிக்கல்தான் அது. கீழே நின்ற ஆட்டோக்காரர் அல் அமீன் மேலே வந்து மாமாவைத் தாங்கி இறக்கினார். "கத்தி எதுக்குப் பெரியவரே, இந்தக் கரட்டுல யானையா வருது?" என்று கட்டுப் போடும் இடம் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

உங்கள் வாசலில் இறங்கியதும், "ஏனுங்க, ஒரு கத்தியப் புடிக்கத் தெரியாத ஆளுக்கு மலை ஒரு கேடா?" என்றீர்கள். மாமா என் பக்கம் பார்க்காமல், "கை வழுக்கிருச்சு" என்றார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்த பிறகும் செம்பை இறக்கவில்லை.

மறுநாள் அவருடைய ஷூவை நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டியதாக அம்மா சொன்னாள். அத்தை, தவறு முழுக்க என்னுடையது. மனுஷருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அந்தக் கரடு. கால் ஆறியதும் பீரோவைத் திறந்துவிடுங்கள். சாவியைக் கையிலேயே கொடுக்கலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை.

உங்கள் தோட்டத்துத் தென்னைகள் குலை குலையாய்க் காய்க்கட்டும். என்மேல் கோபம் வந்தால் அம்மாவிடம் சொல்லாமல் என்னிடமே சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
ஜீவிதா

பின்குறிப்பு (பல வாரம் கழித்து): அன்று தபாலில் போடுமுன் மாமாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத அனுப்பிராத தாயி. ஷூவப் பூட்டச் சொன்னதே நான்தான். ஏற ஆரம்பிச்ச மூணாவது வாரமே எனக்கு முட்டி போச்சு. புத்தகத்துக்குள்ளயே கெடக்குற புள்ள, என்னைச் சாக்கு வச்சாவது வெளிய வருதேன்னுதான் ஏறுனேன்" என்றார்.

நான் அவருக்காகத்தான் ஏறினேன். அதையும் சொல்லவில்லை. "சரி மாமா" என்றேன்.

ஆகவே, அத்தை, இது இனி உங்களுக்கு வராது. மடித்து அந்தக் கத்தியின் காலி உறைக்குள் வைத்திருக்கிறேன். மாமாவின் கால் ஆறி ஐந்து வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதில்லை.