கடைசி அரைச் சுற்று

"பத்தொன்பது புள்ளி ரெண்டு" என்றார் பட்டறையில் பைக் இன்ஜின்களைச் சரிபார்த்துத் தரும் டியூனர்.

தையல்காரருக்கு முகம் சுண்டிப்போனது. பைக்கின் பின்சக்கரத்தை உருளை மேல் ஏற்றி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி, முறுக்கு முறுக்கென்று முறுக்கிய பிறகு டைனோ மெஷின் காட்டிய குதிரைசக்தி அது. இருபதைத் தாண்ட இன்னும் ஒரு குதிரை போதும். அந்த ஒன்றுதான் வரமாட்டேன் என்கிறது.

"மாமா, ஸ்பானரை இப்பவே என்கிட்ட குடுத்துடறீங்களா?" என்றான் மச்சான். இருபது வராவிட்டால் இனி இன்ஜினில் கையே வைப்பதில்லை என்று அவனிடம்தான் சவால் விட்டிருந்தார். வாய் சும்மா இருந்தால்தானே!

"பொறுடா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாசல்ல சாக்கை விரிச்சு, என் கையால மாட்டின இன்ஜின் இது. பெரிய பிஸ்டன், புது கார்புரேட்டர், புது சைலன்சர். இருபது வருஷத்துல நான் தைச்ச சட்டையில ஒரு பட்டன் உதிர்ந்திருக்குமா? கேட்டுப் பாரு ஊரை!"

அது உண்மை. அந்தப் பெருமையில்தான் அவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதே.

மூலை நாற்காலியில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பை கொஞ்சம் கனமாகத்தான் தெரிந்தது.

"சைலன்சரை நானே ஒரு தடவை கழட்டி மாட்டிடறேன்" என்றார் தையல்காரர். டியூனர் தடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. எந்த போல்ட்டையும் கடைசி அரைச் சுற்று இறுக்காமல் விடுவது அவர் வழக்கம். சட்டைக்குள் அரை இன்ச் துணி விட்டுத் தைக்கிற கை அல்லவா!

"ஏன் சார் முழுசா இறுக்கல?"

"நாளைக்குப் பிரிக்கணும்னா வசதியா இருக்கணும்ல!"

மெஷின் பதினெட்டு என்றது.

"கார்புரேட்டர்தான் சண்டித்தனம் பண்ணுது" என்று அதையும் கழற்றி மாட்டினார், அரைச் சுற்று விட்டு. பதினாறரை.

மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நாலு மாச உழைப்பு! ஏர் ஃபில்டரை நோக்கித் தையல்காரர் கை நீண்டபோது டியூனர் குறுக்கே வந்து நின்றார்.

"சார், போதும். ரெண்டு பேரும் வெளியே போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. புண்ணியமாப் போகும்."

தையல்காரரும் மச்சானும் போனார்கள். திரும்பி வந்தபோது பைக் உருளை மேல் உறுமிக்கொண்டிருந்தது. டியூனர் ஒரு தாளை நீட்டினார்.

இருபது புள்ளி ஆறு!

"பாத்தியாடா!" தையல்காரர் மச்சானின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "என் கை இறுக்கின போல்ட்டு! என் கைராசி! இந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கடையில மாட்டப்போறேன்."

டியூனர் தலையைச் சொறிந்தார். "சார், பெட்ரோல் அளவைச் சரிபண்ணினது நான். போல்ட்டை இறுக்கினது நீங்க இல்ல, அக்கா. பையிலயே ஸ்பானர் கொண்டாந்திருக்காங்க. நாலு மாசமா, ஞாயித்துக்கிழமை நீங்க கை கழுவப் போனதும் இதே வேலைதானாம்."

தையல்காரர் மெல்லத் திரும்பினார். மனைவி துணியால் ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போகட்டும்" என்றார், குரலை ஒருவழியாக நிமிர்த்திக்கொண்டு. "இன்ஜின்தானே? நமக்கு அது புதுசு. தையல்ல என்னை ஒருத்தன் குறை சொல்லட்டும் பாப்போம். இருபது வருஷம், ஒரு பட்டன்..."

"ஆமாங்க" என்றாள் அவள், பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி. "ஒவ்வொரு பட்டனுக்கும் தினமும் நீங்க கடையைப் பூட்டுறதுக்கு முன்னாடி கடைசி முடிச்சை நான்தான் போடுறேன்."