அவள் பக்கத்துக் காற்று

தையற்காரர் கண் விழித்தபோது மறுபடியும் பள்ளத்தில் கிடந்தார். மெத்தையின் மறுபாதி, அவர் மனைவி படுத்திருந்த பாதி, ஆளில்லாமல் மேடு தட்டி நின்றது.

அது காற்று மெத்தை. இரண்டு பைகள், நடுவில் ஒரு குழாய். அவருடைய முதுகுவலிக்காக மனைவிதான் அடம்பிடித்து வாங்கினாள். அவள் இருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்ததும் அதற்கும் புத்தி பேதலித்துவிட்டது. ஆயுசு முழுக்க இரண்டு கையையும் ஒரே அளவில் தைத்த மனிதருக்கு இது பொறுக்குமா?

"அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்கப்பா. கட்டில் வாங்கி அனுப்பறேன்" என்றாள் மகள் போனில்.

"உங்கம்மா பக்கத்தை எப்படிம்மா தூக்கிப் போடறது?"

மகள் அழுதுவிட்டாள். அவரும் அழுதார். மனைவியின் புடவைகளைக் கொடுத்தாயிற்று. கால்வலி என்று கோடையிலும் அவள் விடாமல் வைத்துப் படுத்த வெந்நீர்ப் பையைக்கூடப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டார். மிச்சம் இந்த மெத்தைதான்.

காற்றடித்துப் பார்த்தார். மேடு மலையானது, பள்ளம் அப்படியே இருந்தது. மேட்டின் மேல் தையல் மிஷினை ஏற்றினார். பள்ளம் குபுக்கென்று எழும்ப, அவர் உருண்டுபோய் மிஷினில் முட்டிக்கொண்டார்.

வீங்கிய நெற்றியோடு போய்ப் பஞ்சர் கடைக்காரரை அழைத்து வந்தார். கடைக்காரர் மெத்தை முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஓட்டை இல்லண்ணே. ரெண்டு பைக்கும் குழாய் ஒண்ணு, அழுத்தமும் ஒண்ணு. ஒரு பை குளிர்ந்தா அதுல காத்து சுருங்கும். சுருங்கினா இந்தப் பக்கத்துக் காத்து அங்க ஓடும். அண்ணி பக்கம் ஜன்னல், ஆளும் படுக்கல. குளிராம என்ன செய்யும்?"

"இப்ப என்ன பண்றது?"

"அந்தப் பக்கத்தைச் சூடாக்குங்க. லேசா!"

'லேசா' மட்டும் தையற்காரர் காதில் ஏறவில்லை. சூடென்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மனைவி பக்கத்தில் ஈரத்துணி விரித்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார்.

அவர் பக்கம் மெல்ல எழும்பியது. சாய்ந்து பார்த்தார். அவள் இருந்த காலத்துச் சுகம். முதுகு இளகியது; கண் செருகியது.

டமார்!

இஸ்திரிப் பெட்டி மெத்தையைப் பொத்துக்கொண்டு தரையில் நின்றது. இரண்டு பக்கமும் ஒருவழியாகச் சமமாகியிருந்தன. "உன் பக்கத்தையும் நானே கெடுத்துட்டேனே" என்று தையற்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாள். பெட்டியையும் மெத்தையையும் பார்த்தாள்.

"என்னண்ணே இது! அந்த வெந்நீர்ப் பையை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"அது அவ கால்வலிக்கு வெச்சதும்மா. மெத்தைக்கு எதுக்கு?"

பக்கத்து வீட்டம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அக்காவுக்குக் கால்வலியே கிடையாதுண்ணே. தன் பக்கம் சூடா இருந்தாத்தான் உங்க பக்கம் எழும்பி நிக்கும்னு, கோடையிலகூட வேர்க்க வேர்க்க அதைக் கட்டிக்கிட்டுப் படுத்தாங்க."