ஆடிக் காற்றும் தை முகூர்த்தமும்

ஏழு மலைகளுக்கு நடுவே ஒரே ஒரு கணவாய் உள்ள நாடு ஒன்று இருந்தது. ஆனி பிறந்தால் அந்தக் கணவாய் வழியாகக் காற்று நுழையும். ஆடி முழுக்க ஊரை உலுக்கும். புரட்டாசியில் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். யாருடைய உத்தரவுக்கும் அது காத்திருந்ததில்லை. அரசர் திசைவேந்தர் இதை ஒரு குறையாகவே கருதினார்.

கணவாய்க்குக் கீழே இருந்த சூறைவிளையில் ஊரார் கூடிப் பத்துக் காற்றாலைகள் நட்டிருந்தார்கள். அவை சுற்றின, விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். காற்றில்லாத மாதங்களை அரண்மனைக் கரி உலையிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒப்பேற்றினார்கள். அந்தப் பத்தில் ஒன்றின் தடைக்கட்டையைப் பார்த்துக்கொண்டவள் இசக்கித்தாய். காற்று மிஞ்சினால் கட்டையை அழுத்தி இறக்கையை நிறுத்துவாள், தணிந்தால் விடுவாள். வீட்டில் அவளுக்குக் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று இருந்தது. இருநூறு முட்டை, நான்கு பல்பு, இருபத்தொரு நாள் சூடு. நடுவில் ஒரு நாள் சூடு விட்டால் அத்தனையும் கூமுட்டை. பிழைப்பே அந்தப் பெட்டிதான்.

அரசருக்குக் காற்று மின்சாரத்தில் ஆர்வம் வந்தது. ஒரே வருஷத்தில் நாடெங்கும் அறுநூறு காற்றாலைகள் எழும்பின. கூடவே ஆணையும் வந்தது: அரசர் நேரில் வந்து நாடா வெட்டும்வரை எந்தக் காற்றாலையும் சுற்றக் கூடாது. பழைய பத்தும் இத்தனை காலம் திறப்புவிழா இல்லாமலே சுற்றிய குற்றம் அப்போதுதான் தெரியவந்தது. அவற்றின் தடைக்கட்டைகளையும் அழுத்திப் பட்டு நாடாவால் கட்டினார்கள். அறுநூறு காற்றாலை உள்ள நாட்டுக்கு உலை எதற்கு என்று கரி மின்சாரத்தையும் பாதியாகக் குறைத்தார்கள்.

ஆடி வந்தது. இசக்கித்தாய் காற்றமைச்சர் பூவேந்தனாரைப் பார்க்கப் போனாள்.

“ஐயா, காத்து பேயா அடிக்கி. நாடாவ ஒரு இழுப்பு இழுத்தா றெக்க சுத்திரும். முட்டைக்கு இன்னைக்குப் பதினேழாம் நாளு. உலைக் கரண்டு வாரதும் தெரியல, போறதும் தெரியல.”

“அம்மா, இது ஆடி மாதம். ஆடியில் யாராவது திறப்புவிழா வைப்பார்களா?”

“காத்து ஆடியிலதானய்யா வரும்?”

“அது காற்றின் ஒழுங்கீனம். அதற்கு அரசு பொறுப்பேற்க முடியாது.”

“அப்ப எப்பதான் தெறப்பீக?”

“ஆவணியில் அரசருக்கு ஓய்வு. புரட்டாசி ஒத்துவராது. ஐப்பசியும் கார்த்திகையும் மழை. மார்கழி ஆகவே ஆகாது. தை ஏழாம் நாள் நல்ல முகூர்த்தம்.”

“தையில ஒத்த இலை அசையாதே!”

அமைச்சர் பொறுமையாகச் சிரித்தார். “வளர்ச்சி என்பது எண்ணிக்கை, அம்மா. அறுநூறும் அசையாமல் நிற்கின்றன. சுற்றிக்கொண்டிருந்தால் எண்ணவாவது முடியுமா?”

மூன்றாம் நாள் முட்டைகள் நாறின. அவற்றைக் காற்றாலை அடியில் குழி தோண்டிப் புதைத்தாள். தலைக்கு மேலே ஊளையிட்டுக்கொண்டு போனது காற்று.

தை வந்தது. காற்று இல்லை. அறுநூறுக்கும் சேர்த்து ஒரே விழா, சூறைவிளையில். அரசர் முன்னால் இறக்கை சுற்றாமல் நின்றால் நன்றாக இராது என்று பூவேந்தனார் யோசித்தார். கரி உலை மின்சாரத்தைக் காற்றாலைக்குள் அனுப்பி இறக்கையைச் சுற்றவைக்க முடிவாயிற்று. ஒத்திகைக்கும் விழாவுக்கும் சேர்த்து மூன்று நாள் எந்த வீட்டுக்கும் மின்சாரம் கிடையாது.

கடன் வாங்கிய முட்டைகளோடு இசக்கித்தாயின் பெட்டி மறுபடி பத்தொன்பதாம் நாளில் இருந்தது. ஊரிலேயே பல்பு எரிந்த இடம் விழா மேடை ஒன்றுதான். அரசரின் முகம் பொலிய வேண்டும் என்பதற்காக விளிம்பைச் சுற்றி நூறு பல்பு இரவு பகலாக எரிந்தது. தடைக்கட்டைக்காரி மேடைக்கு அடியில் ஏன் நுழைகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கையில் கூடைகள் எதற்கு என்றும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் அரசர் நாடாவை வெட்டினார். இறக்கை சுற்றியது. சுற்றிய வேகத்தில் அதிலிருந்து காற்று கிளம்பி அரசரின் வெண்கொற்றக்குடை சாய்ந்தது.

“இதுவரை காற்றிலிருந்து மின்சாரம் எடுத்தோம்!” என்று முழங்கினார் அமைச்சர். “இன்று நம் அரசர் மின்சாரத்திலிருந்து காற்றை எடுத்திருக்கிறார்!”

கைதட்டல் ஓய்ந்ததும் மேடைக்கு அடியிலிருந்து கீச்சுகீச்சென்று சத்தம் வந்தது. அரசர் புருவத்தை உயர்த்தினார். “மக்களின் மகிழ்ச்சி, மன்னா” என்றார் பூவேந்தனார்.

மறுநாளே புது ஆணை: திறந்த காற்றாலைகளையெல்லாம் அடுத்த தைத் திறப்புவிழாவுக்காக மறுபடி நாடாவால் கட்ட வேண்டும். அவை புதியவையாகக் கணக்கில் சேரும். இப்படியாக நாட்டின் காற்றாலைகள் ஆயிரத்து இருநூறு ஆயின.

நாடா கட்ட வந்த அமைச்சரிடம் இசக்கித்தாய் கேட்டாள்: “இத யாரும் தொடக் கூடாதோய்யா?”

“குடிமக்களின் கை பட்டால் ராஜதுரோகம்.”

“கை படலைன்னா?”

“கை படாமல் நாடா எப்படி அறும்?” என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

அரசர் வெட்டிப்போட்ட நாடாத் துண்டை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். தினமும் காலையில் அதில் கேழ்வரகுக் கூழைத் தடவிக் குஞ்சுகளுக்குத் தொங்கவிடுவாள். அது நைந்ததும் அதே நிறத்தில் பழந்துணி. ஆடிக்குள் குஞ்சுகள் கோழிகளாகிவிட்டன. அந்த நிறத்தைக் கண்டால் பறந்து வந்தன.

ஆடி முதல் நாள் காற்று வலுத்தது. இசக்கித்தாய் நீளக் கரண்டியில் கூழை மொண்டு, கைபடாமல், நாடாவின் மேல் ஊற்றினாள். பிறகு கூட்டைத் திறந்துவிட்டாள். உச்சிப்பொழுதுக்குள் நாடா இல்லை. தடைக்கட்டை தானாக எழும்பியது. சூறைவிளை வீடுகளில் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது.

அமைச்சர் பதறி ஓடி வந்தார். “வெட்டியது யார்?”

“கோழிய்யா.”

“எந்தக் கோழி?”

“எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். கோழியைப் பற்றி ஒரு வரி இல்லை. வெறுங்கையோடு திரும்ப முடியாதே என்று ஒரு கோழியைக் காவலில் எடுத்துப் போனார்கள். அது சிறையிலும் முட்டையிட்டது.

மறு வாரம் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அரசரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையை நீட்டி, குஞ்சு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.