நெஞ்சில் கட்டிய பெட்டி

சட்டையின் ஒரு கை கழன்றுவிட்டது. இன்னொரு கை கழலவில்லை. டிரைவரின் நெஞ்சில் வட்ட வட்டமாக ஒட்டியிருந்த ஒட்டுகளிலிருந்து கம்பிகள் கிளம்பி, இடுப்பில் தொங்கிய சின்னப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. போகிற வழியில் ஒரு கம்பி பொத்தானில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் ஒட்டு பிய்ந்துவிடும். இழுக்காவிட்டால் விடியும்வரை ஒற்றைக் கைச் சட்டையோடு நிற்க வேண்டியதுதான்.

அவர் வாயைத் திறந்தார். பேருந்துப் பணிமனையில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஹாரன் என்று பெயர். வீட்டில் அவர் மனைவியைக் கூப்பிட்டால் நாலு வீடு தள்ளி இருக்கிறவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

"எங்கடி போய்த் தொ..."

மனைவி அறை வாசலில் நின்று உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"மெதுவா. அது கேட்டுக்கிட்டு இருக்கு."

"எது?"

"இடுப்புல தொங்குதே, அது. நாள் முழுக்க நாம பேசறது எல்லாம் அதுல பதியுமாம். நாளைக்கு டாக்டர் உக்காந்து ஒண்ணு விடாமக் கேப்பாராம்."

"யார் சொன்னா?"

"இதுகூடத் தெரியாமயா கட்டிக்கிட்டு வந்தீங்க?"

டிரைவர் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்த பச்சை விளக்கு அவரைப் பார்த்துக் கண் சிமிட்டியது. மருத்துவமனையில் அதைக் கட்டிவிட்ட பெண்ணும், "எல்லாம் இதுல பதிஞ்சிடும் சார், ஒண்ணும் மறைக்க முடியாது" என்றுதான் சொல்லியிருந்தாள். இதயத் துடிப்பைச் சொல்கிறாள் என்று அப்போது அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் பெட்டியைக் கையால் பொத்திக்கொண்டார். பயப்படக் காரணம் இருந்தது.

போன வாரம் நிறுவனத்தின் மருத்துவச் சோதனையில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்த டாக்டர் சட்டென்று விடவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, அது பழைய கதை. துடிப்பு நடுநடுவே தப்புகிறது என்பது புதிய கதை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கினால் ரத்தம் உள்ளேயே தேங்கிக் கட்டியாகலாம், அந்தக் கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம் வரலாம், அந்த நேரத்தில் கையில் ஸ்டியரிங் இருந்தால் பின்னால் இருக்கிற பயணிகள் கதி என்ன என்று அவர் கேட்டார். இதய மருத்துவர் சரி என்று சொன்னால்தான் வண்டி. இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை பணிமனையின் மூலையில், பயணிகள் விட்டுப்போன குடைகளுக்கும் பைகளுக்கும் காவல்.

ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் இந்தப் பெட்டியைக் கட்டச் சொல்வதற்கு முன் இதய மருத்துவர் ஒரு கேள்விதான் கேட்டார். "வீட்டுல, வேலையில ரொம்பக் கத்துவீங்களா?"

"நானா? குரலை ஒசத்தியே பேசினதில்லை சார்."

அந்தப் பொய்யை இப்போது ஒரு நாள் முழுக்கக் காப்பாற்ற வேண்டும்.

"கொஞ்சம் இங்க வந்து கை குடுக்கறியாம்மா?" என்றார் டிரைவர்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். மகளைக் கூப்பிடுகிறாரோ என்று நினைத்தாள். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததும் வந்து பொத்தானை விடுவித்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்று அவர் இடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

தேநீரில் சர்க்கரை இல்லை. "பிரமாதம்" என்றார். மின்விசிறி சத்தம் போட்டது. "காத்து நல்லா வருது" என்றார். இதை எல்லாம் சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த கல்லூரியில் படிக்கும் மகள், அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுந்து வந்து அப்பாவின் எதிரே மண்டியிட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"டாக்டர், நான் இவரோட பொண்ணு பேசறேன். எங்கப்பா பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சுக்குவாரு. அம்மா அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் தொட்டியில துப்பிடுவாரு. அந்தச் செடிக்குத்தான் டாக்டர் இப்ப பிரஷர் சுத்தமா இறங்கிப் படுத்துக்கிச்சு."

டிரைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. கை தானாக ஓங்கியது. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"எப்பவும் விளையாட்டுதான் இவளுக்கு" என்றார், பல்லைக் கடித்தபடி. அன்றைய மாத்திரையைப் பெட்டிக்குக் கேட்கும்படி மடக் என்று விழுங்கி, விழுங்கியதை அறிவிக்கவும் செய்தார்.

நெஞ்சு தடதடவென்று அடித்தது. கத்தினால் பேச்சு பதியும். அடக்கினால் துடிப்பு பதியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக்கொள்ளும்படி இதைச் செய்தவன் கல்யாணம் ஆனவனாகத்தான் இருப்பான் என்று டிரைவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பணிமனைக்குப் போனார். பெட்டியோடு வண்டி எடுக்கக் கூடாது என்று, பயணிகள் விட்டுப்போன பொருள்கள் இருக்கும் அறையில் அவரை அன்றைக்கு உட்காரச் சொல்லியிருந்தார்கள். ஒத்திகை போல.

முன்னெச்சரிக்கையாக ஒரு காரியம் செய்தார். மேலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இது பேசறதைப் பதியும். என்கிட்ட இன்னிக்கு ஒருத்தரும் வம்பு வெச்சுக்க வேணாம்னு சொல்லிடுங்க" என்றார் ரகசியமாக.

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு டிரைவரின் இடுப்பை நோக்கி மேடையில் பேசுவதுபோலப் பேசினார்.

"வணக்கம் டாக்டர். எங்க நிறுவனத்துல ஓட்டுநர்களுக்கு ஓய்வு குடுக்காம நாங்க வண்டி எடுக்கச் சொன்னதே கிடையாது. இவருக்கு நெஞ்சுல ஏதாவது இருந்தா அது வீட்டுலேர்ந்து வந்ததாத்தான் இருக்கும்."

போன மாதம் முழுக்க விடுப்பு கேட்டு அலைந்ததை டிரைவர் நினைத்தார். நினைத்ததை விழுங்கினார். "ஆமா சார். நீங்க தங்கமான மனுஷன்" என்றார். வாய் கசந்தது.

விஷயம் பணிமனை முழுக்கப் பரவியது. அவரோடு வேலை பார்க்கிற நடத்துநர் முதலில் வந்தார். கேட்டுப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்தார்.

"டாக்டர் சார், அண்ணன் பிரேக் போடற போடுல என் முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. பயணி சில்லறை கேட்டா என்னைத்தான் திட்டுவாரு. மழை பெஞ்சா என்னைத் திட்டுவாரு. மழை நின்னா எதுக்கு நின்னுச்சுன்னு திட்டுவாரு."

"தம்பி, போதும்ப்பா."

"பாத்தீங்களா சார், இவ்வளவு இனிமையா இவர் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமா இருக்கு."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். மெக்கானிக் ஒருவர் தன் முதுகு வலிக்கு என்ன மருந்து என்று பெட்டியைக் கேட்டார். பதில் வராததால் டிரைவரிடம் கோபித்துக்கொண்டு போனார்.

இனி யாரும் பேசமுடியாதபடி செய்ய வேண்டும் என்று டிரைவர் ஒரு துண்டை எடுத்துப் பெட்டியைச் சுற்றினார். அதற்கு மேல் சட்டை. சட்டைக்கு மேல், யாரோ பேருந்தில் விட்டுப்போன குளிர்ச் சட்டை. அறையில் ஜன்னல் இல்லை. கொஞ்ச நேரத்தில் வியர்வை ஆறாக ஓடியது. ஒட்டு ஒன்று நெஞ்சிலிருந்து வழுக்கி வயிற்றுக்கு வந்தது. பெட்டி கீச் கீச் என்று கத்தத் தொடங்கியது.

"அண்ணே, உங்களுக்குப் பதிலா அது கத்துது" என்றார் நடத்துநர்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா குடை கேட்டு வந்தார். கறுப்புக் குடை என்றார். அறையில் இருந்த குடைகள் எல்லாமே கறுப்பு. கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று சொல்லி, அழகான கைப்பிடி உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது அவருடையது இல்லை என்று டிரைவருக்கு நிச்சயமாகத் தெரியும். வாக்குவாதம் வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். அந்த அம்மா தெருமுனை திரும்புவதற்குள் அந்தக் குடையின் சொந்தக்காரர் வந்து நின்றார்.

"இங்கதான் இருக்குன்னு காலையில போன்ல சொன்னீங்களே?"

"ஆமாங்கய்யா, இருந்துச்சு."

"இப்ப எங்க?"

"நல்லவங்க கையில இருக்குங்கய்யா."

சொந்தக்காரர் கத்தினார். டிரைவரையே அசத்துகிற அளவுக்குக் கத்தினார். எதிரே நின்று ஒருவர் இப்படிக் கத்தினால் எப்படி இருக்கும் என்பது டிரைவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. காது அடைத்தது, எதிலாவது சாய்ந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. கடைசியில் தன் சொந்தக் குடையை எடுத்துக் கொடுத்தார். வெளியே தூறல் போட்டது.

வழுக்கிய ஒட்டை என்ன செய்வது? பார்சல் கட்டுகிற பழுப்பு டேப்பை நடத்துநர் கொண்டுவந்து, முடி நிறைந்த அந்த நெஞ்சில் நான்கு சுற்றுச் சுற்றினார். கீச்சல் நின்றது. மூச்சு விடுவதும் ஏறக்குறைய நின்றது.

"கழட்டும்போது தெரியும்ண்ணே" என்று சொல்லிவிட்டு நடத்துநர் போய்விட்டார்.

மத்தியானம் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தபோது, மனைவி மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், மாடித் தாழ்வாரத்தில் காயப்போட எடுத்துப்போன துணிக்கூடை.

வேறு நாளாக இருந்தால், வழியை மறிக்காதே என்று ஆரம்பித்திருப்பார்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்க?"

"சும்மாதான்."

அவர் கூடையை எடுத்துக்கொண்டு மேலே போனார். கூடை இவ்வளவு கனமா என்று நினைத்தார். நினைத்ததைச் சொல்லவில்லை. பாராட்டாகப் பதியுமா, புகாராகப் பதியுமா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

உனக்கு அங்கே என்ன வேலை என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பச்சை விளக்கு சிமிட்டியது.

"தாராளமா வாம்மா" என்றார்.

சாயங்காலம் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, டிரைவர் உள்ளே போனார். பெட்டியைக் கட்டிவிட்ட அந்தப் பெண்ணே டேப்பைப் பிரித்தாள். டேப்போடு நெஞ்சு முடியும் போயிற்று. டிரைவரின் கண்ணில் நீர் முட்டியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பெட்டி அப்போதும் மேசைமேல்தான் இருந்தது.

இதய மருத்துவர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"நான் பயந்தது இதுல இல்லை. மேலறை நடுக்கம் எங்கயும் காணோம். அங்கங்க ஒண்ணு ரெண்டு துடிப்பு முந்திக்கிட்டு வருது, அது பலருக்கும் வரும். காலையில கொஞ்சம் வேகமா ஓடியிருக்கு, ஆனா தாளம் தப்பலை. உப்பைக் குறைங்க. பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீங்க. வண்டி ஓட்டலாம்."

டிரைவருக்குக் காலடியில் தரை திரும்ப வந்தது. ஸ்டியரிங்கின் வழவழப்பு உள்ளங்கையில் தெரிந்தது. ஆனால் மகள் சொன்னதைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலாளரைப் பற்றியும் கேட்கவில்லை. அது அவரை உறுத்தியது.

மிச்சமிருந்த ஒட்டுகளை எடுக்க மறுபடி அந்தப் பெண்ணின் அறைக்கு வந்ததும் கேட்டார்.

"நாங்க பேசினது முழுசையும் டாக்டர் கேட்டாராம்மா?"

"எந்தப் பேச்சு?"

"பெட்டியில பதிஞ்சது."

அவள் சிரித்தாள். "இதுல மைக்கே கிடையாது சார். நெஞ்சு அடிக்கறது மட்டும்தான் பதியும். நீங்க பாட்டே பாடியிருந்தாலும் இதுக்குத் தெரியாது."

டிரைவரின் கண்முன் சர்க்கரை இல்லாத தேநீர், மகளின் தலை, தங்கமான மேலாளர், போய்விட்ட சொந்தக் குடை, எரிகிற நெஞ்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒரு நாள் முழுக்க விழுங்கிய கத்தல் மொத்தமும் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"காது கேக்காத இந்தத் தகரத்துக்கா நான் நாள் முழுக்கக் கும்பிடு போட்டேன்? எல்லாம் அவ பண்ணின வேலை. ஒண்ணும் தெரியாத ஜென்மம், எவளோ சொன்னதைக் கேட்டுக்கிட்டு வந்து என்கிட்ட..." சட்டையை அரையும் குறையுமாக மாட்டிக்கொண்டு எழுந்தார். அறையின் கண்ணாடி அதிர்ந்தது. "வெளியிலதான் உக்காந்திருக்கா. இங்கயே கேட்டுடறேன், உனக்கு என்னடி தெரியும் இந்தப் பெட்டியைப் பத்தின்னு."

அந்தப் பெண் கதவு இடுக்கு வழியாகப் பெஞ்சை எட்டிப் பார்த்தாள்.

"அந்த அம்மாவா சார்? அவங்களுக்கு இதைப் பத்தி நல்லாவே தெரியுமே, போன மாசம் கட்டிக்கிட்டுப் போனது அவங்கதானே. ரிசல்ட் மோசமா இருக்கு, உடனே வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னதுக்கு, அவர் கத்தாம இருக்கற நாள் ஒண்ணு கிடைச்சாக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க."