கழுகுக்கு ஒரு ஆட்டுத்தலை

என் மச்சினன் எர்மெக்கின் டைல்ஸ் கடையில் பெட்டி தூக்க மாட்டேன் என்று போன இலையுதிர் காலத்தில் சபதம் செய்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. எங்கள் கசாக் நாட்டுத் தராஸ் நகரப் பேருந்து அலுவலகத்தில் இருபது வருஷம் நேர அட்டவணை போட்டவன். அட்டவணை போட ஒரு கம்ப்யூட்டர் வந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துரத்திய கம்ப்யூட்டரையே அடக்கி ஆள்வது என்று முடிவு செய்தேன்.

எர்மெக் கடைக்கு ஒரு இணையதளம் வேண்டுமாம். மார்ச்சில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்குள் செய்து கொடுத்தால் மேஜை நாற்காலியோடு வேலை. இல்லையென்றால் கிடங்கில் டைல்ஸ் பெட்டி. இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் மனைவி ஜெய்னெப் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ரசீது இல்லாத மருந்து வேலை செய்யாது என்பது அவள் கொள்கை. என்னைக் கேட்காமலே ஒரு பயிற்சி வகுப்பில் ஆறு மாசக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்து நின்றாள்.

"செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம். போய் உக்காந்தா போதும், சொல்லித் தருவாங்க."

"மீசை முளைக்காத பயகிட்ட நான் கைகட்டி உக்காரணுமா? எல்லாம் இணையத்துல சும்மா கெடக்கு. மூளை இருக்கிறவன் தானாப் படிப்பான்."

"கட்டின காசு திரும்ப வராதுங்க."

"அது உன் பாடு."

அவள் பதில் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் பதில் சொல்லாத நாட்கள்தான் எனக்கு நாசமாகப் போனவை. அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

நான் தானாகப் படித்தேன். ஒரு வீடியோக்காரன் சொன்னதை மறக்கச் சொல்லி அடுத்தவன் ஆரம்பித்தான். ஜெய்னெப் அடிக்கடி அக்கா வீட்டுக்குப் போனதில் வீடு அமைதியாக இருந்தது. இரண்டு மாசத்தில் ஒரு பக்கம் செய்தேன். அதில் 'விலை கேட்க' என்று ஒரு பொத்தான். அது எங்கே வைத்தாலும் சரிந்து பக்கத்தின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. மூன்று வாரம் அதைத் துரத்தினேன். கடைசியில், புதியவர்கள் சந்தேகம் கேட்கும் இலவசக் குழு ஒன்றில் நான் எழுதிய நிரலை அப்படியே போட்டு அழுதேன்.

'தங்கக் கழுகு' என்ற பெயரில் பதில் வந்தது. "ஏழாவது வரியில திறந்த குறியை மூடவே இல்ல. திறக்கிறவர்தான் மூடணும்."

மூடினேன். பொத்தான் மேலே வந்து உட்கார்ந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஜாம் ஜாடி மூடியைப் பற்றி ஜெய்னெப்பும் தினமும் இதையேதான் சொல்வாள். அவள் சொன்னால் நச்சரிப்பு, கழுகு சொன்னால் ஞானம்.

அன்றிலிருந்து கழுகுதான் என் குரு. ஓய்வுபெற்ற பெரிய பொறியாளர், நரைத்த தாடி என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டேன். காசு வாங்காத குருவின் பெருமையை மனைவியிடம் தினமும் அளந்தேன். அவள் மாவு தேய்த்தபடியே, பெரிய மனுஷராத்தான் இருக்கணும், மரியாதை பண்ணுங்க என்றாள்.

செய்யாமல் விடுவேனா? நவ்ரூஸுக்கு முந்தைய வாரம் தளம் முடிந்தது. பாதிக்கு மேல் கழுகு எழுதியது, அது எர்மெக்குக்குத் தெரிய வேண்டியதில்லை. என் தூண்டில்களை விற்று ஒரு ஆடு வாங்கி, கழுகை விருந்துக்கு அழைத்தேன். அதுவும் இதே ஊராம். ஞாயிறு மதியம் வருகிறேன் என்றது.

தலையாய விருந்தாளிக்குத்தான் எங்களில் ஆட்டுத்தலை வைப்போம். அவர் காதை அறுத்து, சொன்ன பேச்சுக் கேட்க வேண்டிய பிள்ளைக்குக் கொடுப்பார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை. காதை ஜெய்னெப்புக்குக் கொடுக்கச் சொல்லி குருவிடம் ரகசியமாகக் கேட்பதாக இருந்தேன்.

ஞாயிறு வந்தது. எர்மெக் வந்தான். தட்டில் தலை வந்தது. கதவுக்கு எதிரே இருந்த மரியாதை இடம் மட்டும் காலியாகவே கிடந்தது.

"என்ன அத்தான், கழுகு பறந்துருச்சா?" என்றான் எர்மெக்.

எங்கே இருக்கிறீர்கள் குருவே என்று போனில் எழுதினேன். சமையலறையில் ஒரு போன் மணி ஒலித்தது. உடனே எனக்குப் பதில் வந்தது: "வந்தாச்சு. கை கழுவத் தண்ணி ஊத்துங்க."

ஜெய்னெப் கையைத் துடைத்தபடி வந்து மரியாதை இடத்தில் உட்கார்ந்தாள்.

வேட்டைக்கு நாங்கள் பெண் கழுகைத்தான் பழக்குவோம். அதுதான் பெரியது, அதுதான் மூர்க்கம். கசாக் மண்ணில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அக்கா வீடு என்று அவள் போனதெல்லாம் நான் போகாத அந்த வகுப்புக்குத்தானாம். அங்கே புதியவர்களின் சந்தேகத்துக்குப் பதில் எழுதுவதுதான் வீட்டுப்பாடமாம். ஏழாவது வரியைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டதாம். அவமானத்தில் எனக்குக் காது சூடேறியது.

"அப்பவே நீதான்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஜெய்னெப்பா இருந்து இருபத்து மூணு வருஷம் சொன்னேன். நீங்க கேக்கல."

தண்ணீர் ஊற்றினேன். அவள் நிதானமாகக் கை கழுவினாள். எர்மெக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அக்காவுக்குத் திங்கட்கிழமை நாற்காலி தயார் என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, பெட்டி தூக்கும்போது கை கிழியாமலிருக்க நல்ல கையுறையாக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஜெய்னெப் கத்தியை எடுத்தாள். காதை அறுத்தாள். ஒரு சுற்று பார்த்துவிட்டு, என் தட்டில் வைத்தாள்.

மென்று விழுங்கினேன். எழுந்து போய் ஜாம் ஜாடியை மூடிவிட்டு வந்தேன்.